கடை ஜன்னலில் பிறந்த ரயில்

நியூயார்க்கில், மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில் கோர்ட்லாண்ட் தெரு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் அங்கே ராபர்ட் இங்கர்சால் என்பவர் கடை வைத்திருந்தார். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் அவரிடம் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். மூடியில்லாத பெட்டி. கீழே நான்கு சக்கரங்கள், அடிப்பக்கம் மின்விசிறிக்கென்று செய்த சின்ன மோட்டார். எஞ்சின் என்று தனியாக எதுவும் கிடையாது. வட்டமாகப் போட்ட தண்டவாளத்தில் வைத்து பாட்டரியை இணைத்தால் பெட்டி பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வரும். உள்ளே கடைச் சாமானைப் போட்டு ஜன்னலில் ஓடவிட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், பார்த்தவர்கள் உள்ளே வருவார்கள். இளைஞரின் யோசனை இவ்வளவுதான். இங்கர்சால் நான்கு டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டார். மறுநாள் ஆட்கள் உள்ளே வரத்தான் செய்தார்கள். ஆனால் சாமானைக் கேட்கவில்லை, வண்டியை விலைக்குக் கேட்டார்கள்.

அந்த இளைஞர்தான் ஜோஷ்வா லயனல் கோவன். 1877இல் நியூயார்க்கிலேயே பிறந்தவர். பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்த யூதக் குடும்பம், ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது. குடும்பப் பெயர் கோஹன் என்றிருந்ததை 1910இல் கோவன் என்று மாற்றிக்கொண்டார். ஏழு வயதில் மரத்தில் ரயில் எஞ்சின் செதுக்கி, அதற்குள் குட்டிக் கொதிகலனை வைக்கப் போய், அது வெடித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் உரிந்து வந்துவிட்டது என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கதை சொல்வதில் மனிதர் சூரர். இங்கர்சால் கடைக் கதையும் அவர் வாய்வழி வந்ததுதான், ஆகவே அந்த நான்கு டாலரைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே கணக்கில் வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் நிற்கிற விஷயங்கள் வேறு. புகைப்படக்காரர்களின் ஃப்ளாஷ் பொடியைப் பற்றவைக்கும் கருவி ஒன்றுக்கு 1899இல் காப்புரிமை பெற்றார். அதைப் பார்த்து அமெரிக்கக் கடற்படை கண்ணிவெடிகளுக்கான 24,000 வெடிதிரிகள் கேட்டது. அந்தப் பணத்தை வைத்து, ஹாரி கிராண்ட் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, 1900 செப்டம்பரில் லயனல் கம்பெனியைத் தொடங்கினார். கடைக்குப் போன மரப்பெட்டிக்கு 'எலெக்ட்ரிக் எக்ஸ்பிரஸ்' என்று பெயர்.

பொம்மை ரயிலைக் கண்டுபிடித்தவர் கோவன் அல்ல. ஜெர்மனியில் கோப்பிங்கன் ஊர் மார்க்லின் கம்பெனி 1891லேயே லைப்சிக் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளத்தில் சாவி கொடுத்த ரயிலை ஓட்டிக் காட்டிவிட்டது. மேலும் மேலும் துண்டுகளை வாங்கிப் பாதையை நீட்டிக்கொண்டே போகலாம் என்ற வியாபார சூட்சுமமும் அவர்களுடையதுதான். கோவன் பிடித்துக்கொண்டது மின்சாரத்தை. அதுவும் பெரும்பாலான அமெரிக்க வீடுகளுக்கு மின்கம்பி வந்து சேராத காலத்தில். ஆரம்ப நாட்களில் வண்டியோடு பாட்டரியும் வேண்டும். தண்டவாளமும் இன்று போல ஆயத்தமாக வராது. மரக்கட்டைகளில் வெட்டிய பள்ளங்களில் எஃகுப் பட்டைகளை வாங்கியவரே செருகிக்கொள்ள வேண்டும். அதாவது, வாங்கின அன்றே சாமானைக் கையிலெடுத்து வேலை செய்தால்தான் ரயில் ஓடும். இந்தக் குணம் லயனலை விட்டுக் கடைசிவரை போகவில்லை. எழுபது, எண்பது வருடப் பழைய லயனல் எஞ்சினை இன்று ஒருவர் பரணிலிருந்து இறக்கி ஓடவைக்க முடிகிறதென்றால், முதல் காரணம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

1906இல் மூன்றாவது தண்டவாளம் வந்தது. நிஜ ரயிலுக்கு இரண்டுதானே, நடுவில் எதற்கு ஒன்று என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டிருக்கிறார்கள், இன்றும் கேட்கிறார்கள். அழகுக்குக் குறைதான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காரியத்துக்கு அதை மிஞ்ச முடியாது. இரண்டே தண்டவாளம் என்றால் ஒன்றில் மின்சாரம் வந்து மற்றதில் திரும்பிப் போக வேண்டும். ஆகவே இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் நடுவே மின்காப்பு வேண்டும். அதைவிடத் தொல்லை, பாதை ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசைக்கே திரும்பித் தன்னோடேயே வந்து சேரும் இடம். அங்கே இடப்பக்கத் தண்டவாளம் வலப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகும். மூன்று தண்டவாளத்தில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. நடுவில் மின்சாரம், ஓரத்து இரண்டும் திரும்பும் வழி. எஞ்சினின் அடியில் இருக்கும் சிறு உருளைகள் நடுத் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே போகும். பிள்ளை எப்படிப் பாதை போட்டாலும் ஓடும். போகப் போக வீடுகளுக்கு மின்சாரம் வந்தது, டிரான்ஸ்ஃபார்மரும் வந்தது, பாட்டரிகள் விடைபெற்றன. 1915இல் ஓ கேஜ் என்கிற ஒன்றேகால் அங்குல அகலப் பாதைக்கு லயனல் இறங்கியது. இன்று பரண்களில் அதிகம் கிடைப்பது இந்த அகலத்து வண்டிகள்தான்.

அப்படிக் கிடைத்த ஒன்றைத் திறந்து பார்ப்போம்.

மேல்கூட்டைப் பிடித்திருப்பது சில திருகாணிகள். பசை கிடையாது, ஒடித்தால்தான் திறக்கும் கொக்கி கிடையாது. கூட்டைத் தூக்கினால் மோட்டார் கண்ணெதிரே இருக்கும். சுழலும் பகுதியின் முகப்பில் மூன்று செப்புத் துண்டுகள் சேர்ந்த வட்டு, அதன்மேல் வில்கம்பி அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு கரித்துண்டுகள். நாம் மிக்ஸியில் 'கார்பன்' போய்விட்டது என்போமே, அதே சாமான். எத்தனையோ கிறிஸ்துமஸ்களுக்கு முன் போட்ட எண்ணெய் அரக்காக இறுகியிருக்கும், செப்பு வட்டு கரிபிடித்துக் கறுத்திருக்கும். ஓடாத எஞ்சின்களில் பலவற்றுக்கு வியாதி இவ்வளவுதான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து வட்டைத் துடைக்க வேண்டும், துண்டுகளுக்கு இடையிலுள்ள மூன்று இடுக்குகளில் அடைந்த கரித்தூளைப் பல்குத்தும் குச்சியால் எடுக்க வேண்டும், அச்சுகளில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். நிறைய விட்டால் அது கரித்துண்டுக்கு வழிந்து பழைய கதையே திரும்பும்.

மோட்டாருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு விசித்திரம் உட்கார்ந்திருக்கும். ஈ-யூனிட் என்பார்கள். இந்த மோட்டார் மாறுமின்சாரத்தில் ஓடுவது, ஆகவே கம்பியை இடம் மாற்றிக் கொடுத்தால் பின்னால் போகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுருளுக்கும் சுழலிக்கும் உள்ள இணைப்பை எஞ்சினுக்குள்ளேயே மாற்றிப் போட்டால்தான் திசை மாறும். ஆரம்பத்தில் பிள்ளை எழுந்து போய் எஞ்சினிலேயே ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டியிருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் ஐவ்ஸ் என்றொரு பழைய பொம்மைக் கம்பெனி, உட்கார்ந்த இடத்திலிருந்தே இதைச் செய்ய வழி கண்டுபிடித்தது. மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திக் கொடுத்தால் ரயில் நிற்கும், இன்னொருமுறை நிறுத்திக் கொடுத்தால் பின்னால் போகும். 1928இல் ஐவ்ஸ் திவாலானபோது லயனலும் அதன் போட்டிக் கம்பெனியான அமெரிக்கன் ஃப்ளையரும் சேர்ந்து அதை வாங்கின. பிறகு லயனல் முழுவதையும் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஐவ்ஸின் பேரும் அச்சுகளும் கிடக்கட்டும், கோவன் கண் வைத்தது இந்தச் சின்ன யந்திரத்தின்மேல் என்றுதான் ரயில் சேகரிப்பாளர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

ஈ-யூனிட் வேலை செய்வதை ஒருமுறை கூட்டில்லாமல் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்ததும் கம்பிச்சுருள் ஓர் இரும்புத் தண்டை மேலே இழுக்கிறது. தண்டின் முனையிலுள்ள கொக்கி, செப்புப் பட்டைகள் பதித்த சிறு உருளையை ஒரு பல் திருப்புகிறது. மெல்லிய செப்பு விரல்கள் உருளையைத் தடவியபடி நிற்கின்றன. பட்டை எந்த விரலைத் தொடுகிறதோ அதற்கேற்ப முன்னே, நிறுத்தம், பின்னே, நிறுத்தம், மறுபடி முன்னே. வேலை நடக்கும் நேரமெல்லாம் குளவி உள்ளே மாட்டிக்கொண்டது போல ஒரு ரீங்காரம். புதிதாகப் பார்ப்பவர்கள் எங்கோ கோளாறு என்று பயந்துபோவார்கள். கோளாறு வேறு இடத்தில் வரும்: விரல்கள் தேய்ந்து மெலியும், உருளையின் பட்டைகளில் பள்ளம் விழும், எஞ்சின் இருந்த இடத்திலேயே ரீங்கரித்துக்கொண்டு நிற்கும். விரல்களுக்கும் உருளைக்கும் இன்றும் மாற்றுச் சாமான் கிடைக்கிறது. அதை மாட்டுவதில்தான் பொறுமை சோதிக்கப்படும். உருளையைப் பிடித்திருக்கும் இரண்டு தகடுகளையும் வளைந்துபோகாமல் மெல்ல விரித்து, விரல்களை ஒதுக்கி, உருளையைச் சரியான பக்கம் பார்த்து நுழைக்க வேண்டும். மாற்றி நுழைத்தால் விரல்களும் போச்சு.

1935இல் விசில் வந்தது. எனக்கு லயனல் தந்திரங்களிலேயே பிடித்தது இதுதான். தண்டவாளத்தில் போவதோ ஒரே மின்சாரம், அதை வைத்தே ஓடவும் வேண்டும், கேட்கும்போது மட்டும் ஊதவும் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரில் பொத்தானை அழுத்தினால் மாறுமின்சாரத்தின்மேல் கொஞ்சம் நேர்மின்சாரம் ஏறிக்கொள்ளும். எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரிவண்டியில் இருக்கும் ரிலே அந்த நேர்மின்சாரத்துக்கு மட்டும் அசைந்து கொடுக்கும். உடனே அதற்குள்ளிருக்கும் குட்டி மோட்டார் ஒரு விசிறியைச் சுழற்றி உண்மையாகவே காற்றை ஊதும். ஒலிபெருக்கியும் இல்லை, பதிவு செய்த சத்தமும் இல்லை.

நடுவில் 1934இல் கம்பெனியே நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போய்த் திரும்பியது. மிக்கி மவுஸும் மின்னியும் ஏறி இறங்கித் தள்ளும் ஒரு டாலர் கைவண்டி இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்று லயனலைக் காப்பாற்றியது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. ஒரு டாலர் பொம்மையின் லாபம் எவ்வளவு இருக்கும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது முழு உண்மையாக இருக்க முடியாது. ஆனாலும் பத்திரிகைக்கு ஏற்ற கதை. உலகப் போர் வந்ததும் 1942இல் பொம்மைத் தயாரிப்பு நின்று, நியூ ஜெர்சி ஆலையில் கப்பல் திசைகாட்டிகள் செய்தார்கள். 1943 கிறிஸ்துமஸுக்கு லயனல் விற்றது அட்டையில் வெட்டி ஒட்டும் காகித ரயில். அதை முழுசாகச் சேர்த்து ஓட்டியவர்கள் மிக அபூர்வம்.

போர் முடிந்ததும்தான் லயனலின் பொற்காலம். 1946இல் புகை விட்டார்கள். முதல் வருட எஞ்சினுக்குள் பார்த்தால் புகைக்குக் காரணம் ஒரு பல்பு! கண்ணாடித் தலையில் சின்னக் குழி, குழியில் ஒரு வில்லை, பல்பின் சூட்டில் வில்லை உருகிப் புகையும். சக்கரம் சுற்றும்போது ஒரு நெம்புகோல் காற்றை அழுத்த, புகை குப்குப்பென்று புகைபோக்கி வழியே வெளியேறும். பல்பு சரிப்பட்டு வரவில்லை என்று அடுத்த வருடமே கம்பிச்சுருள் அடுப்புக்கு மாறினார்கள், வில்லையின் மருந்தும் மாறியது. முந்தைய வருடம் விற்றவற்றுக்கு மாற்று உறுப்பு கொடுத்துப் பழுதுபார்க்கும் கடைகளிலேயே பொருத்தச் செய்தார்கள். அதனால் பல்போடு இன்றும் இருக்கும் 1946 எஞ்சின் கையில் கிடைத்தால், அவசரப்பட்டு அதை 'மேம்படுத்தி'விடக் கூடாது.

அந்தப் பழுதுபார்க்கும் கடைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லயனல் நாடு முழுக்க அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்களை வைத்திருந்தது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் உள்படம், ஒவ்வொரு திருகாணிக்கும் எண், எதைக் கழற்றிய பிறகு எதைக் கழற்ற வேண்டும் என்ற வரிசை எல்லாம் அடங்கிய தொகுப்பு அவர்களுக்குப் போகும். மறுஅச்சுகள் இன்றும் கைக்குக் கை ஓடுகின்றன. பழுதானால் தூக்கிப் போடு என்று அந்தக் காலத்துக் கம்பெனி நினைக்கவில்லை என்று புளகாங்கிதப்படத் தேவையில்லை. எஞ்சின் விலை அப்படி. 1937இல் வந்த நியூயார்க் சென்ட்ரல் ஹட்சன் எஞ்சினின் அச்சு அசல் மாதிரிக்கு 75 டாலர் விலை வைத்தார்கள். அந்த விலைக்கு வாங்கியவன் பழுதானால் சும்மா விடுவானா?

1948இல் சிவப்பும் வெள்ளியும் கலந்த சாண்டா ஃபே டீசல். 1950இல் சக்கரங்களையும் அச்சுகளையும் காந்தமாக்கி, எஃகுத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு மேடேறும் ஏற்பாடு. இந்தக் காந்தம் காரணமாகவே இன்றைக்கு ஒரு கட்டாய விதி: துருப்பிடித்த தண்டவாளத்தை ஸ்டீல் உல் போட்டுத் தேய்க்கவே கூடாது. உதிரும் எஃகு இழைகளைக் காந்தச் சக்கரம் பொறுக்கி உள்ளே கொண்டுபோய் மோட்டாரில் சேர்த்துவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும்.

தேய்த்தோ துடைத்தோ மீட்க முடியாத நோய் ஒன்று உண்டு. 1930களின் வார்ப்புத் துத்தநாகத்தில் ஈயமோ வெள்ளீயமோ கொஞ்சம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளேயிருந்தே சிதைகிறது. சக்கரம் வீங்கும், மயிரிழை விரிசல் ஓடும், கடைசியில் கையோடு பொடியாக வரும். வெளியே எனாமல் பளபளவென்று இருக்கையில் அடியில் இப்படி ஆகியிருக்கும். மாற்றுச் சக்கரம் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. போருக்குப் பிந்தைய வார்ப்புகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆளைக் கவிழ்ப்பது டிரான்ஸ்ஃபார்மரின் பழைய வயர்தான். ரப்பர் காய்ந்து, மடக்கிய இடத்தில் உதிர்ந்து, உள்ளே செம்பு பல்லிளிக்கும். எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே அதை மாற்றிவிட வேண்டும். பொம்மைதானே என்ற அலட்சியம் இங்கே உதவாது. இசட்-டபிள்யூ என்கிற பெரிய டிரான்ஸ்ஃபார்மர் 275 வாட், சுவரிலிருந்து வருவது வீட்டு மின்சாரம்.

இனி பெயிண்ட். அமெரிக்க ரயில் சேகரிப்பாளர்களைச் சண்டைக்கு இழுக்க வேண்டுமானால் இந்தப் பேச்சை எடுத்தால் போதும். 1954இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய ரயில் சேகரிப்பாளர் சங்கம் பொம்மைகளின் நிலையை மதிப்பிடப் படிநிலைகள் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் கீறலும் உதிர்ந்த வண்ணமும் உள்ள அசல், புதிதாகப் பூசிய பளபளப்பைவிடப் பல மடங்கு உசத்தி. ஆனால் லயனல் சரித்திரத்தின் மிகப் பிரசித்தமான வண்ணக் கதையே மறுபூச்சுக் கதைதான். 1957இல் பெண் பிள்ளைகளுக்கென்று இளஞ்சிவப்பு எஞ்சினும், வெளிர்நீலம், வெளிர்மஞ்சள் பெட்டிகளுமாக ஒரு செட் போட்டார்கள். பெண் பிள்ளைகள் சீந்தவில்லை. ரயில் வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்கு ரயில் நிறத்தில்தான் ரயில் வேண்டியிருந்தது. விற்காத எஞ்சின்களுக்குச் சில கடைக்காரர்கள் கறுப்புப் பூசி விற்றுவிட்டதாகச் சொல்வார்கள். இன்று அந்த இளஞ்சிவப்பு செட்டுக்குப் பெருவிலை. ஆகவே இப்போது தலைகீழாக, சாதாரணக் கறுப்பு எஞ்சினுக்கு இளஞ்சிவப்புப் பூசி ஏமாற்றுகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள்.

என் கட்சி இது. அபூர்வமானதைச் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், எழுத்துகள்மேல் துணியைக்கூட அழுத்தக் கூடாது. ஆனால் லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளிய சாதாரண எஞ்சின், அதுவும் யாரோ ஏற்கெனவே கண்டபடி பூசிவிட்டது, கிடைத்தால் தயங்க வேண்டாம். பழைய பூச்சை உரித்து, நமக்குப் பிடித்த ரயில்வேயின் நிறத்தையும் எண்ணையும் போடலாம், கூண்டில் எல்.ஈ.டி. வைக்கலாம், கரிவண்டியில் நிஜக் கரியை உடைத்து ஒட்டலாம். மறுபூச்சு என்பதை அடிப்பக்கத்தில் எழுதிவைத்துவிட்டால் அடுத்து வாங்குகிறவர் ஏமாற மாட்டார்.

1953 வாக்கில் உச்சத்தில் இருந்த லயனல் அதன்பிறகு வேகமாக இறங்கியது. பிள்ளைகள் விமானத்தையும் தொலைக்காட்சியையும் பார்க்கத் தொடங்கினார்கள், நிஜ ரயிலில் போகிற அமெரிக்கர்களே குறைந்தார்கள். 1959இல் கோவன் தன் பங்குகளை ராய் கோன் என்பவரின் குழுவுக்கு விற்றுவிட்டு விலகினார். செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையில் வக்கீலாக இருந்தாரே, அந்த ராய் கோன்தான், இவருக்கு உறவும்கூட. கோவன் 1965இல் இறந்தார். அதற்குப் பிறகு லயனல் பல கை மாறியது. கொஞ்ச காலம் காலை உணவு தானியம் விற்கும் ஜெனரல் மில்ஸ்கூட அதை நடத்தியது.

1990களில் பாடகர் நீல் யங் உள்ளே வருகிறார். அவருடைய மகனுக்கு மூளை முடக்குவாதம், கையால் டிரான்ஸ்ஃபார்மர் நெம்புகோலைத் திருப்ப முடியாது. மகன் ரயில் ஓட்ட வேண்டும் என்பதற்காகப் பெரிய பொத்தான் ஒன்றையும் கம்பியில்லாக் கட்டுப்பாட்டையும் தன் ரயில் கொட்டகையிலேயே யங் உருவாக்கத் தொடங்கினார். அந்த வேலை லயனலோடு கூட்டு முயற்சியாக வளர்ந்தது. 1995இல் ஒரு முதலீட்டுக் குழுவோடு சேர்ந்து லயனலையே வாங்கினார். அந்தக் கூட்டு முயற்சியில் பிறந்த டிரெயின்மாஸ்டர் முறையில் கையிலிருக்கும் சிறு கருவி கட்டளை அனுப்ப, ஓரத் தண்டவாளம் வழியாக அது எஞ்சினுக்குப் போகிறது. நடுத் தண்டவாளம் வழக்கம் போல மின்சாரத்தைச் சுமக்கிறது. 1906இல் போட்ட மூன்று தண்டவாளம் அப்படியேதான் இருக்கிறது.

இந்த முறையைப் பழைய எஞ்சினிலும் பொருத்தலாம். ஈ-யூனிட் இருந்த இடத்தில் ஒரு மின்னணுப் பலகை உட்காரும். ரீங்காரம் நிற்கும், நத்தை வேகத்திலும் ஓட்டலாம், விரும்பினால் மணியோசையும் சேர்க்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பழைய டிரான்ஸ்ஃபார்மரின் சர்க்யூட் பிரேக்கர் விழுவதற்கு நேரமெடுக்கும், மின்னணுப் பலகை அதற்குள் எரிந்துவிடும். ஆகவே நடுவில் வேகமான ஒரு ஃப்யூஸைப் போட வேண்டும். கழற்றிய ஈ-யூனிட்டையும் அதன் திருகாணிகளையும் ஒரு சின்ன உறையில் போட்டு, எஞ்சின் எண்ணை எழுதி, அதே அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுவது அனுபவஸ்தர்கள் வழக்கம். அடுத்து வாங்குகிறவர் அதையும் விசாரிப்பார்.